நடுப்படி மன்சா

அக்ராவை ஒட்டிய துறைமுக ஊரான டெமாவில் குவான்சா மேடத்தின் ஷிட்டோத் தொக்கு ஆலைக்குப் போனால், மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு கண்ணாடி அறை இருக்கும். கீழே ஆலை, மேலே ஆபீஸ், நடுவில் அந்த அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஏசி, மன்சா பென்டம். அந்தக் கட்டடத்தில் ஒழுங்காகக் குளிரும் ஏசி அது ஒன்றுதான். மேடத்தின் அறையில் இருப்பது சத்தம் மட்டும் போடும்.

மன்சா என்றால் மூன்றாவது பெண் என்று பொருள். ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் அவள் சரியாக நடுவில் வந்து விழுந்தாள். மூத்தவர்கள் இருவரும் இளையவர்கள் இருவரோடும் நேருக்கு நேர் சண்டை போட மாட்டார்கள். மன்சாவிடம் சொல்லி அனுப்புவார்கள். "அவ மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலேன்னு போய்ச் சொல்லு" என்று மூத்தவள் சொன்னால், மன்சா அடுத்த அறைக்குப் போய், "அக்காவுக்கு இன்னைக்குக் கண்ணு சரியில்லையாம்" என்பாள். இளையவள் உடனே கண்ணுக்குப் போடக் கைவைத்தியம் ஏதாவது எடுத்துக்கொண்டு ஓடுவாள். அந்த வீட்டில் எந்தச் சண்டையும் மறுநாள் வரை நீடித்ததில்லை. மன்சா வளர்ந்து பாட்டுக்குழுவில் சேர்ந்தபோதும் மேல்குரலும் கீழ்க்குரலும் இல்லாத நடுக்குரல்தான் வாய்த்தது. டுரோ-டுரோ என்கிற ஷேர் வேனில் ஏறினால் நடுச் சீட்டுதான் காலியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் மொழிபெயர்ப்பதும் அவள்தான். பாஸ்டர் ஆங்கிலத்தில் பேசுவார், பக்கத்தில் நின்று மன்சா ஊர்ப் பேச்சில் சொல்வாள். ஒருநாள் ஆராதனைக்குப் பாதிக் கூட்டம் தாமதமாக வந்தது. பாஸ்டர் கையை ஓங்கி, நரகத்தின் எந்த மூலையில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது வரை விவரித்து ஓய்ந்தார். மன்சா மைக்கைப் பிடித்து, "இந்த வெயில்லயும் வந்தீங்களே, அதுவே பெருசு. அடுத்த வாரம் நேரத்தோட வந்தா நேரத்தோட வீட்டுக்கும் போயிடலாம்" என்றாள். ஆமென் கூரையைத் தூக்கியது. இத்தனை திட்டியும் இத்தனை உற்சாகமா என்று பாஸ்டருக்கு வியப்பு. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குவான்சா மேடத்துக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் அன்று மாலையே மன்சாவுக்கு வேலை கொடுத்தார்.

அவரது ஆலைக்கு அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. மிளகாயும் இஞ்சியும் கருவாட்டுத் தூளும் எண்ணெயில் கறுக்கக் கறுக்கக் கொதிக்கும் ஷிட்டோவை அவர் வீட்டு அடுப்பில் தொடங்கி, இப்போது ஆளுயர அண்டாக்களில் காய்ச்சுகிறார். கீழே ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அண்டாவின் பெட்டிக்குச் சூடு தெரியும். நிரப்பும் இயந்திரத்தின் பெட்டிக்குப் போத்தல் தெரியும். மூடி திருகும் இயந்திரத்தின் பெட்டிக்கு மூடியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. மேலே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதற்கு ஆர்டர், சரக்கு, லாரி, வாடிக்கையாளர் எல்லாம் தெரியும், ஷிட்டோ எப்படிக் கொதிக்கும் என்பது மட்டும் தெரியாது. மேலே இருப்பது வாரக்கணக்கில் யோசிக்கும். கீழே இருப்பவை கண்சிமிட்டும் நேரத்துக்குள் யோசிக்கும். ஒன்று கேட்பது மற்றதற்குப் புரியாது.

மனிதர்களும் அப்படியே. மேலே விற்பனை மேலாளர் மிஸ்டர் ஒபிரி. கழுத்துப்பட்டையை ஒருபோதும் தளர்த்தாதவர். கீழே ஆலை மேஸ்திரி லார்ட்டே. கழுத்தில் துண்டைத் தவிர எதுவும் கட்டாதவர். "மக்கோலா சந்தைக்குப் போற சரக்கு இந்த வாரம் முடியலேன்னா அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிடலாம்னு அந்த லார்ட்டேகிட்ட சொல்லு" என்பார் ஒபிரி. மன்சா படியிறங்கிப் போய், "மிஸ்டர் ஒபிரி உங்க எல்லார் வீட்டையும் விசாரிச்சார். மக்கோலா சரக்கை முதல்ல எடுத்துக்கலாமான்னு கேக்கறார்" என்பாள். லார்ட்டே அண்டாவைக் கிளறியபடி, "அவரைக் கீழ வந்து இந்த அண்டாவுக்குள்ள தலையை விடச் சொல்லு, அப்பத் தெரியும்" என்பார். மன்சா மேலேறி, "லார்ட்டே உங்களை ஒருதடவை கீழ வந்து பக்கத்துல நின்னு பார்க்கச் சொல்லி அன்பாக் கூப்பிடறார்" என்பாள். எந்த அண்டாவில் எந்த ஆர்டர், எதற்கு எந்த மூடி, எது எப்போது முடியும், எல்லாம் அவள் வாய் வழியாகவும் கால் வழியாகவும் போய் வந்தன. நடுநடுவே ஏசியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். அந்த அறை தனக்கு ஆண்டவன் அளந்து கட்டிக் கொடுத்தது என்பது அவள் நம்பிக்கை.

ஆலை பெருத்தது. அண்டாக்கள் கூடின. மன்சாவின் கால்கள் இரண்டாகவே இருந்தன. குவான்சா மேடம் அக்ராவில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, மேலுக்கும் கீழுக்கும் நடுவில் வைக்கிற மென்பொருள் ஒன்று வாங்கியிருப்பதாக அறிவித்தார். மறுவாரம் அதைப் பொருத்த டெலாலி என்ற பொறியாளர் வந்து இறங்கினாள். ஹோ நகரத்துப் பெண், ஒல்லி, சிரித்த முகம், முதுகில் ஆமையைப் போல ஒரு பை.

அதற்கு எம்.இ.எஸ். என்று பெயராம். எல்லோரையும் அண்டாவைச் சுற்றி நிற்க வைத்து அவள் விளக்கினாள். மேலேயிருந்து வரும் ஆர்டரை இது வாங்கிக்கொள்ளும், எந்த அண்டா, எந்த இயந்திரம் என்று பிரித்து வேலையாக மாற்றும், சாம்பல் பெட்டிகளுக்கு அவற்றின் பாஷையில் சொல்லும், அவை சொல்வதையெல்லாம் சேர்த்து வைத்து மேலே உள்ளதற்குப் புரியும் பாஷையில் திருப்பிச் சொல்லும்.

லார்ட்டே கொஞ்ச நேரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். "ஓ. ஒச்சியாமே" என்றார்.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஊர்த் தலைவர் யாரிடமும் நேரே பேச மாட்டார். ஒச்சியாமேவின் காதில் முணுமுணுப்பார். ஒச்சியாமே தங்கமுலாம் பூசிய கோலை ஊன்றி நின்று, முணுமுணுத்ததை அழகாக்கிச் சபைக்குச் சொல்வார். சபை சொல்வதை அலங்கரித்துத் தலைவருக்குச் சொல்வார். தலைவரும் சபையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

"கோல் இல்லாம என்ன ஒச்சியாமே?" என்று யாரோ கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு துடைப்பக் கட்டைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, உச்சியில் காலி ஷிட்டோ போத்தல் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டிக் கோல் தயாராகிவிட்டது.

அதுவரை மன்சாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் டெலாலி, மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் நடுப்படியைப் பார்த்தார்கள்.

குவான்சா மேடம் நியாயமானவர். உடனே காலி செய் என்று சொல்லவில்லை. மாத முடிவு வரை கம்ப்யூட்டர் மூலையில் இருக்கட்டும், மன்சாவும் இருக்கட்டும். அது சரியாக வேலை செய்தால் அறை அதற்கு, மன்சா மேலே போய் ஒபிரிக்குப் பக்கத்தில் உட்காரலாம், பிடிக்காவிட்டால் கீழே லார்ட்டேவுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றார். மேலே உட்கார்ந்தால் ஒபிரியின் பேச்சை நாள் முழுக்க மொழிபெயர்ப்பில்லாமல் கேட்க வேண்டும். கீழே நின்றால் மிளகாய்க் காற்றில் மன்சா தும்மிக்கொண்டே இருப்பாள். முதல் நாள் வேலைக்கு வந்தபோது தும்மிய தும்மலில் இஞ்சித் தட்டு ஒன்று கவிழ்ந்தது இன்னும் பேசப்படுகிறது. மூலையில் மஞ்சள் கோல் சாத்திய கறுப்புப் பெட்டியை அவள் முறைத்துப் பார்த்தாள். அது பச்சை விளக்கைச் சிமிட்டியது.

முறைத்தாலும் டெலாலியோடு முறைத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெண் சோள மாவில் அவித்த கென்கி வாங்கிவந்து பாதியைப் பிய்த்துக் கொடுப்பாள். ஒருநாள் அப்படித் தின்றுகொண்டிருக்கும்போது, கீழே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு திரை வைக்கப் போவதாகவும், இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று ஆட்கள் ஒரு பொத்தானைத் தொட வேண்டும் என்றும் சொன்னாள். பழுது, போத்தல் இல்லை, கழுவுகிறோம் என்று பொத்தான்கள். எல்லாம் ஊர்ப் பேச்சில் இருந்தால் நல்லது.

"ஆன்ட்டி, மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல, ஆளு மட்டும் கொஞ்சம் எழுந்து போறாரு. அப்ப என்ன சொல்லிட்டுப் போவாரு?"

"மெரெபா" என்றாள் மன்சா, வாயில் கென்கியோடு.

மெரெபா என்றால் வரேன். எழுந்து போகிற யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். வரேன் என்றால் போகிறார் என்று அர்த்தம். எவ்வளவு சத்தமாகச் சொல்கிறாரோ அவ்வளவு நேரம் கழித்து வருவார். டெலாலி தட்டினாள். பொத்தான் முளைத்தது.

ஒச்சியாமே வேலையைத் தொடங்கியது. உள்ளதைச் சொன்னால், நன்றாகவே செய்தது. மன்சா படியேறி இறங்கிக் கேட்டுச் சொல்வதற்குள் அது கேட்டு, பிரித்து, எண்ணி, சொல்லி முடித்துவிட்டிருக்கும். தப்பு மூடி போட்ட போத்தல் ஒன்றுகூட இல்லை. மன்சா நாற்காலியில் உட்கார்ந்து கால்களைத் தடவிக்கொண்டாள். தடவ அவசியமே இல்லாமல் கால்கள் சுகமாக இருந்தன. மூலையிலிருந்த பெட்டியை மறுபடி முறைத்தாள்.

ஒரே ஒரு குறை. அதற்கு எதையும் அழகாக்கத் தெரியவில்லை. ஒரு காலை மிளகாய் வந்து சேரவில்லை, மூன்றாவது அண்டா தாமதம். மேலேயிருந்து வந்ததை ஒச்சியாமே கீழே பெரிய திரையில் அப்படியே போட்டது: லேட் – லார்ட்டே.

முதலில் பார்த்தவன் தொப்பியைக் கழற்றினான். அடுத்தவன் கையைக் கட்டி நின்றான். மூடி திருகும் பகுதிப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, நேற்றுகூட நன்றாகத்தானே இருந்தார் என்றாள். லார்ட்டே கழிவறையிலிருந்து திரும்பி வந்து, கூட்டத்தின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னைக் கேக்காம எப்படிப் போட்டாங்க?" என்றார்.

அவர் அண்டாவைக் கிளற மறுத்துவிட்டார். செத்தவன் வேலை செய்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். மன்சா இறங்கிப் போய், மேலே இருப்பவர்கள் அவரை எவ்வளவு மதிக்கிறார்கள் என்றால், பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் போடுகிற பட்டத்தை முன்கூட்டியே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லி, தும்மி, அவரைச் சிரிக்க வைத்து வேலைக்கு அனுப்பினாள். மேடம் மாடியிலிருந்து இதைப் பார்த்தார்.

மெரெபா பொத்தான் மட்டும் ஆலையில் ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் எழுந்து போனால் லார்ட்டே கத்துவார். இப்போது பொத்தானைத் தொட்டால் மஞ்சள் விளக்கு எரியும், யாரும் கேட்க முடியாது. ஒச்சியாமேவிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் குடிக்க மெரெபா, போன் பேச மெரெபா, சும்மா நிற்க மெரெபா. லார்ட்டேகூட மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் மரியாதையாகத் தொட்டுவிட்டுப் போவார்.

பள்ளி விடுதிகள் திறக்கும் வாரம் நெருங்கியது. விடுதிக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, மரவள்ளிக் காரி மாவும் ஷிட்டோவும் இருந்தே ஆக வேண்டும். மக்கோலா சந்தையின் ஷிட்டோக்காரிகள் தினமும் போன் செய்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தின் நடுவில்தான் தேசிய அணியின் கால்பந்து ஆட்டம் ஒரு பிற்பகலில் வந்து விழுந்தது. எதிரே கென்கிக் கடையில் டிவி. லார்ட்டே மெரெபாவைத் தொட்டார். மூடிக்காரிகள் தொட்டார்கள். நிரப்புகிறவன் தொட்டான், பதிந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி மறுபடி தொட்டான். ஏற்கெனவே ஓடிப்போன நண்பர்களுக்காகவும் சிலர் தொட்டுவிட்டுப் போனார்கள். ஆலை முழுக்க மஞ்சள் விளக்கு. ஆட்டம் இழுத்து, கூடுதல் நேரம் போய், நம்மவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்த பிறகு யார் திரும்பி வருவார்கள்? எல்லோரும் அப்படியே பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மேலே ஒபிரி தன் திரையைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சரக்கு வந்துகொண்டிருக்கிறது. ஓர் அண்டா அல்ல, இரண்டு அல்ல. ஆலையில் இருக்கும் அண்டாக்களைவிட அதிக அண்டாச் சரக்கு வந்துகொண்டிருக்கிறது. அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். மக்கோலாவின் ஷிட்டோக்காரிகளுக்கெல்லாம் தலைவியான டெடேய் அம்மாவுக்குப் போன் போட்டு, லாரிகளோடு வரச் சொன்னார்.

மறுநாள் காலை, ஆட்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே, ஆலை வாசலிலிருந்து பெரிய சாலை வரை லாரி. முன் லாரியிலிருந்து டெடேய் அம்மா இறங்கினார். இறங்குவதற்கே இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. இறங்கிய பிறகு யார் உதவியும் தேவைப்படவில்லை. பின்னால் தலைத்துணி கட்டிய பெண்கள் படை. கிடங்கைத் திறந்தால் நான்கு பெட்டி இருந்தது.

ஒபிரி ஓடி வந்து மன்சாவைக் கையைப் பிடித்து மேலே இழுத்துப்போய்த் திரையைக் காட்டினார். "பாரு, வருதுன்னு போட்டிருக்கு. இன்னமும் வருதுன்னுதான் போட்டிருக்கு." மன்சா கீழே ஓடினாள். ஆளில்லாத இயந்திரங்கள், வரிசையாக மஞ்சள் விளக்கு, ஒவ்வொரு திரையிலும் மெரெபா.

மேலே வருது. கீழே வரேன்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டெலாலிக்குப் போன் போட்டுக் கேட்டதில் விஷயம் உறுதியாயிற்று. பொத்தான்களைப் பெரிய கம்ப்யூட்டரோடு இணைத்தவர்கள் கடல் தாண்டி எங்கேயோ உட்கார்ந்திருப்பவர்கள். மெரெபா என்பதற்கு அகராதியில் என்ன அர்த்தமோ அதைப் போட்டு, ஒவ்வொரு மெரெபாவுக்கும் ஓர் அண்டாச் சரக்கு வழியில் இருப்பதாக எழுதிவிட்டார்கள். இதற்கு முன்பெல்லாம் ஆள் திரும்பி வந்து இயந்திரத்தை ஓட்டியதும் கணக்கு தானாகக் கரைந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. நேற்றுத்தான் யாரும் திரும்பி வரவில்லை. மன்சா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்த வார்த்தையை வாயில் கென்கியோடு சொன்னது யார் என்று நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஒச்சியாமே தப்பு செய்துவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும். அறை நிச்சயம். வார்த்தை யாருடையது என்று கேட்கப்போகிறவர்கள் யாரும் இல்லை. இந்த எண்ணத்தோடு அவள் நடுப்படிக்கு வந்தபோது, மாடி உச்சியில் குவான்சா மேடம் நின்றார், படியின் அடியில் டெடேய் அம்மா நின்றார். இருவரும் கோபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்தார்கள். இருவரும் மன்சாவைப் பார்த்தார்கள். அவள் அறைக்குள் கை நீட்டி மஞ்சள் கோலை எடுத்து ஊன்றிக்கொண்டாள்.

"அவங்ககிட்ட சொல்லு" என்றார் டெடேய் அம்மா, மாடி வரை கேட்கும் குரலில். "இவ்ளோ பொய்யை ஒரே போன்ல அடக்கின ஆளை நான் பார்த்ததே இல்லைன்னு சொல்லு."

மன்சா மேலே திரும்பினாள். "டெடேய் அம்மா மிஸ்டர் ஒபிரியோட பேச்சுத் திறமையை மெச்சறாங்க மேடம். அவர் சொன்னதை நம்பி எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்காங்க."

"லாரிக்காரங்க காலையிலேயே குடிச்சிட்டு வந்திருக்காங்களான்னு கேளு" என்றார் மேடம். "கிடங்கைப் பார்த்த பிறகும் நிக்கறாங்களே."

"மேடம் உங்க டிரைவர்களுக்கெல்லாம் குடிக்க ஏதாவது வேணுமான்னு கேக்கறாங்க."

"அவங்க ஷிட்டோவை விட என் செருப்புக்கு அடியில இருக்கறது ருசின்னு சொல்லு" என்றார் டெடேய் அம்மா.

"ஷிட்டோ கிடைக்காம எவ்ளோ தூரம் நடந்திருக்காங்கன்னு அவங்க செருப்பைப் பார்த்தாலே தெரியும்கறாங்க மேடம்."

இதில் எதுவும் யாருக்கும் கேட்காமல் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாஷை, நடுவில் ஒரு படிக்கட்டு. ஆனால் கோல் பிடித்த ஒச்சியாமே சொன்னதுதான் சொன்னது. அதற்கு முன்னால் காதில் விழுந்தது காற்று. சபையில் அது சட்டம். டெடேய் அம்மா குடிக்க ஏதாவது தந்தால் மறுக்க மாட்டோம் என்று பதில் அனுப்பினார். மேடம் ஐஸ் தண்ணீர் அனுப்பினார். தண்ணீர் குடித்த பிறகு குரல் இறங்கியது. மெரெபா மேலே சரக்காகப் போன கதையை மன்சா இரண்டு பக்கமும் சொன்னாள், வார்த்தை யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டு. வீட்டிலிருந்து ஓடி வந்து சேர்ந்த லார்ட்டே, சனிக்கிழமையும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகும் அடுப்பிலிருந்து அண்டா இறங்காது என்று சத்தியம் செய்தார். திங்கட்கிழமை லாரி வந்தால் வெறுங்கையோடு போகாது என்று மேடம் மன்சா வழியாகச் சொன்னார். டெடேய் அம்மா மன்சா வழியாகச் சரி என்றார்.

அதோடு முடிந்திருக்கலாம். டெடேய் அம்மாவுக்குத்தான் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "எல்லாம் சரி. அந்தப் பொத்தான்ல போய் மெரெபான்னு எழுதச் சொன்ன புத்திசாலி யாரு?"

மன்சா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கேள்வியை யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஏசி உறுமியது.

"நான்தான்" என்றாள்.

எத்தனையோ பேரின் வார்த்தைக்குப் பூ வைத்தவளுக்குத் தன் வார்த்தைக்கு வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மேடத்தின் முகம் மாறியது. "என்ன சொல்றா அவ?" என்றார், நன்றாகக் கேட்டிருந்தும்.

டெடேய் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து, மன்சாவின் கையிலிருந்து கோலை வாங்கி ஊன்றினார். "மேடம், உங்க பொண்ணு என்ன சொல்றான்னா, மெரெபான்னா என்னன்னு தெரியாத ஊர்லயிருந்து மெஷின் வாங்கினது உங்க தாராள மனசாம். அவ நல்ல வார்த்தையைத்தான் குடுத்தாளாம். என் வீட்டுக்காரர்கூட இருபது வருஷம் முன்னாடி மெரெபான்னுட்டுத்தான் போனார். நான் லாரி அனுப்பினேனா?"

மேடம் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பொத்தானில் மேலுக்கும் கீழுக்கும் ஒரே அர்த்தம் தருகிற வார்த்தையை மாத முடிவுக்குள் கண்டுபிடித்துப் போடு, இல்லாவிட்டால் ஒபிரிக்குப் பக்கத்தில் நாற்காலி தயார் என்றார்.

டெலாலி ஆமைப் பையோடு வந்தாள். மன்சா யோசித்து, மெக்கோ ஆபா என்றாள், போயிட்டு வரேன். நியாயமான வார்த்தை. ஆனால் பொத்தானில் இடம் போதவில்லை. திரை பாதியை வெட்டி மெக்கோ என்று மட்டும் காட்டியது. போறேன். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போனால் திரும்பி வர மாட்டோம் என்று ஆலையில் யாரும் அதைத் தொடவில்லை. சிறுநீரை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தாங்க முடியாமல் ஒருத்தன் தொட்டான். மேலே பெரிய கம்ப்யூட்டர் ஓர் அண்டாச் சரக்கு ஆலையை விட்டுப் போய்விட்டது என்று குறித்தது. ஒபிரி வாசலுக்கு ஓடி லாரியைத் தேடினார்.

அப்படியானால் வார்த்தையே வேண்டாம், படம் போடலாம் என்று டெலாலி ஆளில்லாத முக்காலி ஒன்றை வரைந்தாள். லார்ட்டே அதைப் பார்த்ததும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். ஊர்த் தலைவருக்கு முக்காலிதான் சிம்மாசனம். அது காலி என்றால் அவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். "முதல்ல என்னைச் சாகடிச்சீங்க. இப்ப ஊர்த் தலைவரையா?" என்றார்.

டெலாலி சோர்ந்துபோய் மன்சாவின் மேசையில் தலையை வைத்தாள். மாதத்தின் கடைசி வாரம். "ஆன்ட்டி, சாஃப்ட்வேர்ல ஒரு தப்பும் இல்ல. எண்ணறதை எண்ணுது, சொல்றதைச் சொல்லுது. ஆனா இந்த ஊர்ல ஒருத்தர் எழுந்து போனா அவர் எங்க போனார், எப்ப வருவார்ங்கறது எந்தப் பெட்டிக்கும் தெரியல."

"எனக்குத் தெரியுமே" என்றாள் மன்சா. "நிரப்பறவன் போன்ல இருக்கான். காதலி. அரை மணி ஆகும். லார்ட்டே தூங்கறார், கூப்பிட்டா வந்துடுவார். மூடிக்காரி நிஜமாவே கழிவறைதான்."

டெலாலி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து தட்டினாள்.

மறுநாள் முதல் பொத்தானில் புது வார்த்தை: மன்சா. ஆள் எழுந்து போகும்போது தொட்டால் மஞ்சள் விளக்கு எரியும். மேலே ஒபிரியின் திரையில் வருகிறது என்றும் வராது, போய்விட்டது என்றும் வராது. மன்சாவைக் கேள் என்று வரும். அவ்வளவுதான். கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவர்கள் அது என்ன நிலை என்று கேட்டு எழுதினார்கள். டெலாலி அதையும் மன்சாவிடம் அனுப்பி வைத்தாள்.

மாத முடிவில் குவான்சா மேடம் அறை யாருக்கு என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒபிரி திரையைப் பார்த்துவிட்டு மன்சாவைத் தேட எழுந்தார். கேட்க வேண்டுமென்றால் மன்சா எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் அவள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் கேட்க வருவதால் அந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். மேடம் வாயை மூடிக்கொண்டார். கறுப்புப் பெட்டியும் மன்சாவும் ஒரே அறையில் இருக்கிறார்கள். பெட்டிக்காக ஏசியைக் கூட்டி வைத்திருப்பதால் மன்சா இப்போது கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாள். டெமா வெயிலில் கம்பளிச் சட்டையோடு டுரோ-டுரோவின் நடுச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் அது அவள்தான்.

மஞ்சள் கோல் கதவுக்கு வெளியே மாட்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஒபிரியின் திரையில் அந்தச் செய்தி வர, அவர் இறங்கி வந்தார். கீழேயிருந்து லார்ட்டேவும் அதே நேரத்தில் ஏறி வந்தார். கதவு பூட்டியிருந்தது. கோலின் போத்தலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: மெரெபா.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். ஒபிரி கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். லார்ட்டே துண்டைப் பாதி விரித்து அவருக்கு இடம் கொடுத்தார்.